ஒரு கேபிளும் சில சொட்டு எண்ணெயும்: அம்பாசிடரின் எழுதப்படாத வரலாறு

இந்திய மோட்டார் வாகன வரலாறு பெரும்பாலும் ஆலை வாயிலில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. 1942-இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவப்பட்டது. 1944-இல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் வந்தது. 1957-இல் அம்பாசிடர் அறிமுகமானது. 1983-இல் மாருதி 800 சாலைக்கு வந்தது. 2014 மே மாதத்தில் உத்தர்பாரா ஆலையின் உற்பத்தி நின்றது. பாடநூல்களும் ஆய்வேடுகளும் இந்த ஆண்டுகளை வரிசைப்படுத்தி, இடையிடையே உரிமக் கொள்கையையும் தாராளமயத்தையும் பொருத்திக் கதையை முடித்துக்கொள்கின்றன. ஆனால் ஒரு கார் ஆலையில் இருப்பது சில நாள்கள். சாலையில் இருப்பது பல பத்தாண்டுகள். அந்த நெடிய காலத்தின் வரலாற்றை எழுதியவர்கள் மிகக் குறைவு.

தொழில்நுட்ப வரலாற்றைப் புதுக் கண்டுபிடிப்புகளின் வரலாறாக மட்டும் எழுதுவது பிழை. பயன்பாடும் பராமரிப்புமே அதன் பெரும்பகுதி என்பதை டேவிட் எட்ஜர்டன் தமது 'தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்' (2006) நூலில் வலியுறுத்தினார். அந்தக் கருத்தைச் சோதித்துப் பார்க்க அம்பாசிடரைவிடப் பொருத்தமான பொருள் இந்தியாவில் அரிது. அதிலும், அறுந்துபோகும் ஸ்பீடோமீட்டர் கேபிள், கியர் பாக்ஸிலிருந்து ஒழுகும் எண்ணெய் ஆகிய இரண்டு சிறு பழுதுகளே போதும். ஒரு பொருளாதாரக் காலகட்டத்தையே அவற்றின் வழியாகப் படிக்கலாம்.

முதலில் பின்னணி. 1928 முதல் பம்பாயில் ஜெனரல் மோட்டார்ஸ் இறக்குமதிப் பாகங்களைப் பூட்டிக் கார்களை விற்றுவந்தது. ஃபோர்டும் அவ்வாறே செய்தது. 1953-இல் சுங்கவரி ஆணையம், உள்நாட்டிலேயே படிப்படியாகப் பாகங்களை உற்பத்தி செய்யும் திட்டம் உடைய நிறுவனங்களுக்கு மட்டும் இடமளிக்கப் பரிந்துரைத்தது. அந்நிய நிறுவனங்கள் வெளியேறின. கார் சந்தை கல்கத்தாவுக்கு அருகே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு என்ற மூன்று நிறுவனங்களுக்குள் அடங்கியது. பிரிட்டனில் 1956 முதல் 1959 வரை மட்டுமே உற்பத்தியான மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் கார்தான் இங்கே அம்பாசிடராகி அரை நூற்றாண்டுக்கும் மேல் நீடித்தது. பிறந்த நாட்டில் மூன்றே ஆண்டு வாழ்ந்த வடிவத்தை இங்கே வாழவைத்ததில் கொள்கைக்கு உள்ள அதே பங்கு பட்டறைகளுக்கும் உண்டு.

இனி கேபிள். ஓட்டோ ஷுல்ட்சே 1902-இல் காப்புரிமை பெற்ற வேகமானியின் தத்துவமே அம்பாசிடரிலும் இருந்தது. கியர் பாக்ஸின் வெளியேறு தண்டிலுள்ள திருகுப் பற்சக்கரம் ஒரு சிறு பற்சக்கரத்தைச் சுழற்றும்; அது உறைக்குள் இருக்கும் நெகிழ்கம்பியைச் சுழற்றும்; கம்பியின் மறுமுனை, முகப்புப் பலகையிலுள்ள கருவிக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தத்தைச் சூழ்ந்த உலோகக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் எழுந்து கிண்ணத்தை இழுக்கும். ஒரு மெல்லிய சுருள்வில் அதைத் தடுத்து நிறுத்தும். அந்த இழுபறியின் அளவே முள் காட்டும் வேகம். மின்கலமோ மின்கம்பியோ இதற்குத் தேவையில்லை. சாலையும் முள்ளும் ஒரே கம்பியால் பிணைக்கப்பட்டிருந்தன.

அந்தக் கம்பி அறுந்தால் புதியதை மாட்டுவது எளிய வேலைபோலத் தோன்றும். கருவியின் பின்புறமுள்ள திருகை விரலால் கழற்றி, பழைய கம்பியை உருவி, புதியதைச் செருகினால் முடிந்தது. ஆனால் பழைய கம்பி ஏன் அறுந்தது என்று கேட்காமல் மாட்டிய புதுக் கம்பியும் விரைவில் அறும். உறை எங்கோ கூர்மையாக வளைந்திருக்கலாம், கருவியின் தாங்கி இறுகியிருக்கலாம், கம்பி காய்ந்திருக்கலாம். அறுவதற்கு முன்பே முள் நடுங்கத் தொடங்கும்: சிக்கிய கம்பி முறுக்கேறி, திடீரென விடுபடுவதன் அடையாளம் அது. கிரீஸ் பூசும்போதும் மேல்முனையில் சில அங்குலங்களை விட்டுவிட வேண்டும். இல்லையெனில் கிரீஸ் கருவிக்குள் ஏறிக் காந்தத்தையும் கிண்ணத்தையும் ஒட்டவைத்துவிடும். இத்தகைய 'ஏன்'களைப் பயிற்சியாளர்கள் பெரும்பாலும் குருவின் அருகில் நின்று பார்த்தே கற்றார்கள்.

இரண்டு பழுதுகளும் சந்திக்கும் இடமும் இதுவே. சிறு பற்சக்கரம் பொருந்தும் துளையில் ஆயில் சீல் தேய்ந்தால், கியர் பாக்ஸ் எண்ணெய் கேபிள் உறைக்குள் புகும். முறுக்கிய கம்பி சுழலும்போது ஆர்க்கிமிடீசின் திருகைப்போல எண்ணெயை மேலே ஏற்றும். முகப்புக் கண்ணாடிக்குள் எண்ணெய்க் கறை தெரிந்தால், அனுபவமுள்ள மெக்கானிக் கருவியைக் கழற்றுவதற்குமுன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பார்.

எண்ணெய் ஒழுகலில் ஒரு பகுதி வடிவமைப்பிலேயே இருந்தது. அம்பாசிடரில் நெடுங்காலம் இருந்த 1489 சி.சி. எஞ்சினின் மூலமான பி.எம்.சி. 'பி' வரிசையின் பழைய மூன்று தாங்கி வடிவத்தில், கிராங்க் தண்டின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. தண்டில் வெட்டிய எதிர்த்திருகு மரை, சுழலும்போது எண்ணெயை உள்நோக்கித் தள்ளும். எஞ்சின் நின்றால் அந்தக் காவலும் நின்றுவிடும். கிளட்ச் உறைவழியே சில சொட்டுகள் தரையில் விழும். ஆகவே எது வடிவமைப்பின் கசிவு, எது கியர் பாக்ஸின் பழுது என்று பிரித்தறிவதே முதல் திறன். அடிப்பகுதியைத் துடைத்துச் சுண்ணப்பொடி தூவி, வண்டியைச் சற்று ஓட்டி, முதலில் நனையும் இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். மூச்சுத்துளை அடைபட்டிருந்தால் உள்ளழுத்தம் கூடி, நல்ல சீலையும் தாண்டி எண்ணெய் வெளியேறும். துளையைச் சுத்தம் செய்தாலே ஒழுகல் நிற்பதுண்டு. தண்டில் சீல் தேய்த்த பள்ளம் இருந்தால் புதுச் சீலும் பயன்படாது. அதைச் சற்றுத் தள்ளிப் பொருத்த வேண்டும்.

உரிமக் காலத்தின் தட்டுப்பாடு இங்கே தொழில்முறையாக மாறியது. கேஸ்கட் கிடைக்காதபோது, தடித்த தாளை உறையின்மேல் விரித்து, விளிம்பெங்கும் சிறு சுத்தியலால் தட்டித் தட்டியே வெட்டி எடுத்தார்கள். வடிதிருகின் செம்பு வாஷரைச் சிவக்கக் காய்ச்சிக் குளிர்வித்து மென்மையாக்கி மீண்டும் பயன்படுத்தினார்கள். கல்கத்தாவின் மல்லிக் பஜார், தில்லியின் காஷ்மீரி கேட், சென்னையின் புதுப்பேட்டை போன்ற உதிரிபாகச் சந்தைகள் ஆலைக்கு வெளியே இயங்கிய இரண்டாம் ஆலைகளாயின. இதைத் திறமையின் காவியமாக மட்டும் கொண்டாடுவதும் சரியன்று. போட்டியில்லாத உற்பத்தியாளர் திருத்தாமல் விட்ட குறைகளின் செலவை உரிமையாளரின் பணமும் மெக்கானிக்கின் குறைந்த கூலியும் ஈடுசெய்தன என்பதும் அதே உண்மையின் மறுபக்கம்.

சொந்தக் காரில் கேபிள் அறுந்தால் வேகம் தெரியாது, அவ்வளவே. டாக்சியில் நிலை வேறு. பழைய இயந்திர மீட்டரும் வண்டியின் ஓட்டத்திலிருந்து கேபிள் வழியாகவே சுழற்சி பெற்றது. அது அறுந்தால் அன்றைய கூலிக்கே கணக்கில்லை. மீட்டரின் பற்சக்கரங்களை ஒவ்வொரு கட்டண உயர்வுக்கும் மாற்ற இயலாததால், பம்பாயில் மீட்டர் ஓர் எண்ணைக் காட்ட, அச்சிட்ட கட்டண அட்டை உண்மைக் கட்டணத்தைச் சொன்னது. விலைவாசியின் வரலாறு, அசையாத பற்சக்கரத்துக்கும் மாறும் அட்டைக்கும் இடையே பதிவாயிற்று.

வரலாற்று மாணவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. வேகமானியின் கேபிளே ஓடோமீட்டரையும் இயக்குகிறது. கேபிள் அறுந்த நாள்முதல் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்; எண் நின்றுவிடும். மாதக்கணக்கில் ஓடிய தூரம் எங்கும் பதிவாகாது. ஓடோமீட்டர் எண்ணை நம்பிக் காரின் வயதைக் கணிப்பவர், இடைவெளிகள் உள்ள ஆவணக் காப்பகத்தை முழுமையென்று நம்பும் ஆய்வாளருக்கு ஒப்பானவர்.

இப்போது அந்த உலகம் முடிவுக்கு வருகிறது. உணரிகளும் மின்கம்பிகளும் சுழலும் கேபிளை அகற்றிவிட்டன. வயது வரம்பின்படி மும்பையின் கடைசிப் பிரீமியர் பத்மினி டாக்சி 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றது. கொல்கத்தாவின் மஞ்சள் அம்பாசிடர்களும் 15 ஆண்டு வரம்பால் குறைந்துவருகின்றன. 2017-இல் அம்பாசிடர் என்ற வணிகப் பெயர் 80 கோடி ரூபாய்க்குப் பிரெஞ்சு நிறுவனமான பியூஜோவிடம் விற்கப்பட்டது. பெயருக்கு விலை இருந்தது. அந்த வண்டியை ஓடவைத்த அறிவுக்கு விலையும் இல்லை, பதிவும் இல்லை. பழைய பட்டறைச் சீட்டுகள், உதிரிபாகக் கடைகளின் கணக்கேடுகள், வங்காளமும் மராத்தியும் தமிழும் உருதுவும் கலந்த பட்டறைச் சொற்கள், முதிய மெக்கானிக்குகளின் வாய்மொழி ஆகியவை இன்னும் எட்டும் தொலைவில் உள்ளன. நிறுவன ஆவணங்கள் காத்திருக்கும், இவை காத்திருக்கமாட்டா.