மீனும் அரைப்பும்: ஒரு சிறு வரலாறு

ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாறு கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் மட்டுமே பொறிக்கப்பட்டிருக்கிறது என்று கருதுவோர் பலர். அரசர் பெயரறியாத எளிய குடும்பங்களின் வரலாறோ அவர்களுடைய அடுக்களையிலேதான் தங்கியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பொம்மசந்திராவிலுள்ள நம் காலனி வீடுகளில் மீன் துண்டங்களின்மீது தடவி ஊறவைக்கப்படும் அரைப்பு அத்தகைய வரலாறுகளுள் ஒன்று. உப்பு, புளி, மஞ்சள், மிளகு, மிளகாய் ஆகிய இவை ஒரே நாளில் ஓர் அம்மியில் வந்து கூடியவை அல்ல. ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு வழியாக வந்து சேர்ந்தது. அவ்வழிகளைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் நம் பழந்தமிழ் நூல்களை நோக்குவோம். அகநானூற்றின் 60ஆம் பாடல் குடவாயிற் கீரத்தனார் பாடியது. சேரர்க்குரிய தொண்டி என்னும் கடற்கரையூரில் வாழும் ஒரு பரதவர் குடும்பத்தை அப்புலவர் நமக்குக் காட்டுகிறார். தந்தை நெடிய படகில் மீன்பிடித் தொழிலிலேயே தங்கிவிடுகிறார். உப்பை விற்று மாற்றாகப் பெற்ற நெல்லின் வெண்சோற்றிலே, அயிலை மீனைப் புளியிட்டுச் சமைத்த குழம்பைச் சொரிந்து, கொழுத்த மீன் துண்டத்தோடு அவருடைய சிறு மகள் அவருக்கு அளிக்கிறாள். அயிலை என்ற பெயர் கேரளக் கரையில் இன்றும் ‘அயல’ என வழங்குகிறது. நாம் கானாங்கெளுத்தி என்றும், மங்களூர்ப் பக்கத்தார் ‘பங்குடே’ என்றும் கூறுவது அம்மீனையே. ஆகவே உப்பு, புளி, மீன், சோறு என்ற இக்கூட்டு சங்க காலத்திலேயே அமைந்துவிட்டது. இதில் வியப்பு யாதெனில், புளியமரத்தின் தாயகம் ஆப்பிரிக்கா என்று தாவரவியலார் கூறுகின்றனர். நமக்கு மிகப் பழையதாகத் தோன்றும் பொருளும் ஒரு காலத்தில் விருந்தாளியாக வந்ததே.

மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி, இஞ்சி, மஞ்சள், பசுமிளகு மூன்றையும் மலைநிலத்து விளைபொருள்களாகச் சேர்த்து மொழிகிறது. அந்நாளில் மிளகுக்குக் ‘கறி’ என்றும் பெயர் உண்டு. யவனர் தம் மரக்கலங்களில் பொன்னொடு முசிறித் துறைக்கு வந்து மிளகொடு மீண்டதை அகநானூறே மற்றோர் இடத்தில் கூறும். நம்மவர் உணவுக்குப் பல நூற்றாண்டுகள் பெரிதும் காரம் தந்தது அம்மிளகே.

இனி, நாம் வந்து குடியேறியுள்ள கன்னட நாட்டின் செய்தியைக் கேளுங்கள். கல்யாணியிலிருந்து ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன், 12ஆம் நூற்றாண்டில் ‘மானசோல்லாசம்’ என்னும் வடமொழி நூலை இயற்றினான். அக்கல்யாணியே இன்று பீதர் மாவட்டத்தில் பசவகல்யாணம் எனப்படுவது. அரசன் அறியவேண்டிய பல துறைகளையும் விளக்கும் அந்நூலில், தூண்டிலிட்டு மீன் பிடிக்கும் பொழுதுபோக்கும் உண்டு. மீன் சமைக்கும் முறையும் உண்டு. மீனுக்கு எண்ணெயும் உப்பும் பூசி வாடை நீக்கி, மஞ்சள் நீரில் கழுவி, அதன்பின் சம்பாரம் சேர்த்துச் சமைக்கவேண்டும் என்று அது விதிக்கிறது. நம் தாய்மார் இன்று செய்வதற்கும் இதற்கும் வேறுபாடு மிகச் சிறிதே!

இதை வற்புறுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. வாடகைக்கு வீடு தேடும் நம் இளைஞரிடம், மீன் சமைக்கலாகாது என்று முன்னதாகவே சொல்லப்படுவதுண்டு. வீட்டுக்குரியவரின் வழக்கத்தை மதித்தல் நம் கடமை. அதில் ஐயமில்லை. ஆயினும் மீன் உண்பது நாணத்தக்கது என்றோ, அது இந்நாட்டுக்கே புறம்பானது என்றோ நம் பிள்ளைகள் எண்ணிவிடலாகாது. இம்மண்ணை ஆண்ட மன்னனே எழுதிவைத்த சமையல் அது.

நிற்க. மேற்சொன்ன எதிலும் மிளகாய் இல்லை, இருந்திருக்கவும் இயலாது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 1492இல் கொலம்பசு அங்குச் சென்ற பின்னரே பிற நாட்டார் அதனை அறிந்தனர். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையை அடைந்த பின், போர்ச்சுகீசியர் வழியாக அது நம் நாட்டுக்கு வந்தது. புதிய பொருளுக்கு நம்மவர் பழைய பெயரையே நீட்டி வைத்தனர்: மிளகு போன்ற காய், மிளகாய். கன்னடரும் அவ்வாறே செய்தனர்: மிளகு ‘மெணசு’, மிளகாய் ‘மெணசினகாயி’. வந்த பொருளை அயலாக எண்ணாமல் உறவு முறை சொல்லி அழைக்கும் பண்பு இரு மொழியார்க்கும் பொது. ஹாவேரி மாவட்டத்துப் பியாடகி மிளகாய் நிறம் மிக்கது, காரம் குறைந்தது. அதனோடு நம் இராமநாதபுரத்து முண்டு மிளகாயைக் கலந்து அரைத்தால் நிறமும் காரமும் ஒருங்கே அமையும்.

அரைப்பு ஆயத்தமாயினும் மீன் வேண்டுமே! பெங்களூரு கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர். ஏரி மீன் இங்கே கிடைத்தது. கடல் மீன் பெரும்பாலும் கருவாடாகவே வந்தது. அந்நிலையை மாற்றியவை இருப்புப் பாதையும் பனிக்கட்டியும். பாஸ்டனிலிருந்து கப்பலேறி வந்த பனிக்கட்டியைச் சேமிக்கச் சென்னைக் கடற்கரையில் 1842இல் ஐஸ் ஹவுஸ் கட்டப்பட்டது. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மென்ட் வரை புகைவண்டி ஓடத் தொடங்கியது. 1979இல் ஹாசன்–மங்களூர்ப் பாதை திறக்கப்பட்டது. பின்னர் ஐஸ் இயந்திரத்தால் எங்கும் கிடைப்பதாயிற்று. இன்று சென்னை, மங்களூர், மால்பே மீன்கள் சந்தாபுரம் கடைவரை வருகின்றன.

ரயில்வே எழுத்தனாகிய நான் ஒன்று கூற விரும்புகிறேன். ஐஸ் உருகிக் கெட்ட மீனை எந்த அரைப்பும் காப்பாற்றாது. கடல் மீனின் வாடைக்குக் காரணம் டிரைமெத்திலமைன் என்னும் பொருள். புளி, எலுமிச்சை ஆகியவற்றின் புளிப்பு அதனை அடக்கும். உப்பு நீரை வெளியேற்றித் தசையை இறுக்கும். இவ்வளவே அரைப்பின் ஆற்றல். கானாங்கெளுத்தி, சூரை, மத்தி முதலிய மீன்கள் குளிரின்றிக் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்னும் நச்சுப்பொருள் பெருகும். அது கொதியாலும் அழியாது, காரத்தாலும் அழியாது. ஆதலால் கண் தெளிவாகவும் செவுள் சிவப்பாகவும் உள்ள மீனையே வாங்குக. வாங்கியவுடன் வீடு சேர்க.

அரைக்கிலோ மீனுக்கு என் இல்லத்து அளவு இது: உப்பு ஒரு தேக்கரண்டி, மஞ்சள்தூள் அரை, மிளகாய்த்தூள் இரண்டு, மிளகுத்தூள் அரை, இஞ்சி பூண்டு விழுது ஒன்று, கெட்டிப் புளிக்கரைசல் இரண்டு மேசைக்கரண்டி, நல்லெண்ணெய் சிறிது. இவற்றைக் குழைத்துத் தடவி அரைமணி ஊறவைத்து, தோசைக்கல்லில் கறிவேப்பிலையுடன் பொரித்தெடுக்கலாம். அதற்கு மேல் ஊறவிட்டால் புளிப்பினால் தசை உதிரும்.

இவ்வளவு எளிய வேலைக்குக் கடைப் பொட்டலத்தை நாடுவது பெருகிவருகிறது. இரு பாலரும் வேலைக்குச் செல்லும் வீடுகளில் அதனைக் குறை கூறுவதற்கில்லை. எனினும் ஒரு கேடு உண்டு. நம் காலனியில் மேட்டூர் அணை மீன் உண்டு வளர்ந்த சேலத்தாரும் தருமபுரியாரும் உளர். கடல் மீன் அறிந்த நாகப்பட்டினத்தாரும் தூத்துக்குடியாரும் உளர். ஒவ்வொரு வீட்டு அரைப்பும் ஒவ்வோர் ஊரின் கையெழுத்து. பொட்டலமோ அனைவர்க்கும் ஒரே கையெழுத்து. பாட்டிமார் கையளவாக அறிந்ததை எவரும் எழுதிவைக்கவில்லை. அவர்கள் மறைந்தால் அதுவும் உடன் மறையும்.

ஆகவே சங்க உறுப்பினர் அனைவர்க்கும் ஒரு வேண்டுகோள். தங்கள் இல்லத்து மூத்த அம்மையாரைக் கேட்டு, மீன் அரைப்பின் அளவையும் சொந்த ஊரின் பெயரையும் ஒரு தாளில் எழுதிச் செயலாளரிடம் சேர்ப்பிக்க வேண்டுகிறேன். கரண்டிக் கணக்கு தெரியாதாயின் பிடிக் கணக்கே போதும். அடுத்த ஆண்டு விழா மலரில் அவையனைத்தும் ஒருங்கே வெளிவருமாயின், இங்குப் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கு நாம் விட்டுச்செல்லும் நற்செல்வமாக அது அமையும்.