எந்த அத்தை? மரபணுச் சோதனையும் தமிழ் உறவுமுறையும்

மார்பக, சினைப்பைப் புற்றுநோய்களுக்கான மருந்துகள் வளர்ந்த அளவுக்கு, புறநோயாளி அறையில் கேட்கப்படும் குடும்ப வரலாற்றுக் கேள்வி வளரவில்லை என்பது இக்கட்டுரையின் வாதம்.

குரோம்பேட்டைப் பெண் ஒருத்தி மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு அடையாறு போகலாம், காரப்பேட்டை போகலாம், ஜி.எஸ்.டி. சாலையைத் தாண்டாமலும் இருக்கலாம். எங்கே போனாலும் கட்டித் திசுவில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 ஏற்பிகளைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. ஹெர்2 மிகுந்த கட்டிக்கான டிராஸ்டுசுமாப் 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று அது இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. இந்தப் பாதை ஓரளவு சீராகிவிட்டது.

பிறவியிலேயே வரும் மரபணுப் பிறழ்வின் கதை வேறு. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணுக்கள் உடைந்த டிஎன்ஏவைச் செப்பனிட உதவுபவை. அவை செயலிழந்த புற்றணு, பார்ப் என்னும் நொதியை நம்பிப் பிழைக்கிறது. ஒலாபாரிப் என்னும் மருந்து அந்த நொதியையும் அடைக்க, புற்றணு மடிகிறது. 2018இல் வெளியான சோலோ‑1 ஆய்வில், பிறழ்வுள்ள சினைப்பைப் புற்றுநோயாளிகளுக்கு நோய் முற்றும் அல்லது இறக்கும் அபாயம் 70 விழுக்காடு குறைந்தது. ஆனால் சோதனை செய்தால்தான் இம்மருந்து யாருக்கு என்று தெரியும். மார்பகப் புற்றுநோயில் அந்தச் சோதனையை யாருக்கு எழுதுவது என்பதைத் தீர்மானிப்பவற்றுள் குடும்ப வரலாறும் ஒன்று.

“குடும்பத்துல யாருக்காவது கேன்சர் இருக்கா?” மணமான பெண்ணுக்குக் குடும்பம் என்றால் பெரும்பாலும் புகுந்த வீடு. பிறந்த வீட்டைச் சொன்னாலும் அம்மா வழியையே சொல்வாள். பெண்களுக்கு வரும் நோய் பெண்வழியே வரும் என்பது நம் கணக்கு. ஆனால் பிஆர்சிஏ1 இருப்பது 17ஆம் குரோமோசோமில், பிஆர்சிஏ2 இருப்பது 13ஆம் குரோமோசோமில். இரண்டும் பாலினக் குரோமோசோம்கள் அல்ல. ஆகவே பிறழ்வுள்ள தந்தையும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதைத் தர ஐம்பது விழுக்காடு வாய்ப்பு உண்டு.

“அத்தைக்கு இருந்துச்சு” என்கிறாள். எந்த அத்தை? அப்பாவின் தங்கையா, தாய்மாமன் மனைவியா, மாமியாரா? முதலாமவர் மட்டுமே நிச்சயமாக ரத்த உறவு. அத்தை மகனைக் கட்டியிருந்தால் மாமியாரும் அவரே! அப்படிப்பட்ட மணத்தில் கணவன், மனைவி இருவருமே ஒரே பாட்டியின் பிறழ்வைச் சுமக்கக்கூடும். இருவரிடமிருந்தும் பிஆர்சிஏ2 பிறழ்வைப் பெறும் குழந்தைக்கு ஃபான்கோனி ரத்தசோகை வரலாம். அரிது என்றாலும் சொந்தத்தில் மணம் முடிக்கும் நாட்டில் ஒதுக்கத்தக்கதன்று. சினைப்பைப் புற்றுநோயோ “வயித்துல கட்டி” என்ற பெயரிலேயே பல வீடுகளின் நினைவில் தங்கிவிடுகிறது.

சோதனை செய்த பிறகும், பொருள் தெளியாத மாற்றங்கள் வருகின்றன. ஏனெனில் ஒப்பிடும் தரவுகள் பெரும்பாலும் ஐரோப்பியருடையவை. 2025 பிப்ரவரியில் சென்னை ஐஐடி 480 இந்திய மார்பகப் புற்றுநோயாளிகளின் மரபணுத் தரவுகளைப் பொதுவில் வைத்தது இந்தக் குறையைத் தணிக்கத் தொடங்கியிருக்கிறது.

புறநோயாளிப் படிவம் மட்டும் மாறவில்லை. “குடும்பம்” என்ற ஒற்றைக் கட்டத்தை எடுத்துவிட்டு, அப்பாவுடன் பிறந்தவர்கள், அம்மாவுடன் பிறந்தவர்கள், இரு பாட்டிகள், சொந்தத்தில் திருமணமா என்று தனித்தனியே கேளுங்கள். அதற்கு அச்சுக்கூலி தவிர வேறு செலவில்லை.