குளிசை போடாத பிள்ளையின் வயிற்றில்

போன வருடம் யாழ்ப்பாணம் போன இடத்தில் எனக்கு வயிற்றோட்டம் பிடித்து, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்து சேலைன் ஏற்றினார்கள். (காரணம் ஐஸ்கிறீமா, அன்னாசிப்பழமா என்ற விவாதம் எங்கள் குடும்பத்தில் இன்னும் முடியவில்லை.) நோர்வேக்குத் திரும்பி மூன்று மாதத்தில் முழங்காலில் ஒரு சின்னச் சத்திரசிகிச்சை. அனுமதிக்கும்போது தாதி கேட்டார்: "கடந்த ஒரு வருடத்தில் வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் இருந்தீர்களா?" ஓம் என்றேன். உடனே தனி அறை. மூக்கில் ஒரு பஞ்சுக்குச்சி, பின்பக்கத்தில் இன்னொன்று. அதற்கு மேல் விபரம் வேண்டாம்.

பக்கத்தில் இருந்த அம்மா சொன்னார்: "அங்கை எல்லாரும் டொக்டரிட்டைப் போகாமல் பாமசியிலை தங்கட எண்ணத்துக்குக் குளிசை வாங்கி விழுங்கிறது. அதாலைதான் கிருமியெல்லாம் மருந்துக்கு அடங்காமல் போச்சு."

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிச் சொல்லியிருப்பார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். பிறகு இதன் வரலாற்றைத் தேடி வாசித்தபோது, அம்மா சொன்னது பாதி உண்மைதான் என்று தெரிந்தது. மற்றப் பாதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் எல்லோருடைய குடலிலும் ஈ. கோலை என்ற பக்டீரியா வாழ்கிறது. பெரும்பாலும் ஒரு தொந்தரவும் தராது. ஆனால் அதே ஈ. கோலை சிறுநீர்ப்பாதைக்கோ இரத்தத்துக்கோ போய்விட்டால் நோய். அப்போது கொடுக்கும் அன்ரிபயோட்டிக்குக்கு அது அடங்காவிட்டால் பெரிய ஆபத்து. அதனால்தான், சுகமாக ஓடி விளையாடுகிற பிள்ளையின் மலத்தில் எந்த வகை ஈ. கோலை இருக்கிறது என்று ஆய்வாளர்கள் தேடிப் பார்க்கிறார்கள்.

கதை ஜப்பானில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்தில் அங்கே வயிற்றுளைவு நோய் பரவலாக இருந்தது. அதை உண்டாக்குவது ஷிகெல்லா என்ற பக்டீரியா. முதலில் சல்பா மருந்துகள் கேட்டன. சில வருடங்களில் கேட்காமல் போயின. ஸ்ரெப்ரோமைசின், குளோரம்பெனிகோல், ரெற்றாசைக்ளின் என்று புது மருந்துகள் வந்தன. 1955 இல் ஹொங்கொங்கிலிருந்து திரும்பிய ஒரு நோயாளியிடம் இந்த நான்குக்கும் ஒரேயடியாக அடங்காத ஷிகெல்லா கண்டுபிடிக்கப்பட்டது.

இது ஏன் ஆச்சரியம்? ஒரு பக்டீரியாவில் தற்செயலாக ஒரு மாற்றம் நடந்து அது ஒரு மருந்தைத் தாங்கப் பழகலாம். அப்படி நடப்பதே மிக அபூர்வம். நான்கு மருந்துகளுக்கும் ஒரே நேரத்தில் அப்படி நடப்பதென்றால், லொத்தரில் தொடர்ந்து நான்கு தரம் முதல் பரிசு விழுவது போல. அதைவிடப் புதிர், ஒரே நோயாளியின் வயிற்றில் மருந்துக்கு அடங்கும் ஷிகெல்லாவும் அடங்காத ஷிகெல்லாவும் சேர்ந்தே இருந்தன.

1959 இல் தொமொயிசிரோ அகிபா, குனிதாரோ ஒசியாய் என்ற இருவர் தனித்தனியாக விடையைக் கண்டார்கள். மருந்துக்கு அடங்காத ஈ. கோலையையும் அடங்கும் ஷிகெல்லாவையும் ஒன்றாக வளர விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஷிகெல்லாவும் நான்கு மருந்துகளுக்கும் அடங்காததாக மாறியிருந்தது. ஈ. கோலை அந்தத் தகவலை அப்படியே கொடுத்துவிட்டது! நீங்கள் பக்கத்தில் இருக்கும் நண்பனுக்கு ஏர்ட்ரொப்பில் ஒரு கோப்பு அனுப்புவது போல. அந்தக் கோப்பு ஒரு சின்ன டி.என்.ஏ. வளையம். இன்று அதைப் பிளாஸ்மிட் என்கிறோம். ஒரே வளையத்தில் நான்கு மருந்துக்கான எதிர்ப்பும் இருக்கலாம். வேறு இனப் பக்டீரியாவுக்கும் அது தாவலாம்.

இந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஜப்பானிய மொழியில் வந்ததால் மேற்கு நாடுகள் சில வருடங்கள் கவனிக்கவில்லை. 1963 இல் சுதொமு வதனபே ஆங்கிலத்தில் ஒரு நீண்ட கட்டுரை எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. லண்டனில் நவோமி டட்டா என்ற பெண் மருத்துவர், 1959 இல் ஆஸ்பத்திரியில் பரவிய ஒரு சல்மொனெல்லாத் தொற்றை ஆராய்ந்து, இதே பரிமாற்றம் பிரித்தானியாவிலும் நடக்கிறது என்று 1962 இல் காட்டியிருந்தார்.

நவோமி டட்டாவின் இன்னொரு வேலைதான் எனக்கு மிகப் பிடித்தது. ஈ.டி.ஜி. மரே என்ற நுண்ணுயிரியலாளர் 1917 தொடக்கம் 1954 வரை பல நாடுகளிலிருந்து, இந்தியா உட்பட, குடல் பக்டீரியாக்களைச் சேர்த்துச் சின்னக் குழாய்களில் அடைத்து வைத்திருந்தார். அவற்றில் பெரும்பாலானவை அன்ரிபயோட்டிக் என்ற சொல்லையே மக்கள் அறியாத காலத்தவை. டட்டாவும் அவருடைய சக ஆய்வாளர் ஹியூஸும் அவற்றை மீண்டும் வளர்த்துப் பார்த்து 1983 இல் எழுதினார்கள். தாவும் பிளாஸ்மிட்டுகள் அந்தக் காலத்திலேயே ஏராளமாக இருந்தன. ஆனால் மருந்தெதிர்ப்பு மரபணுக்கள் அவற்றில் அனேகமாக இல்லை. பாதை பழையது. அதில் போகிற பொதிதான் புதியது. அந்தப் பொதியை ஏற்றியது மனிதர் அள்ளி வழங்கிய மருந்து. அம்மா சொன்ன பாதி இங்கே சரி.

ஆனால் பொதியை முதலில் ஏற்றியவர்களும், இன்று சுமப்பவர்களும் ஒரே ஆட்கள்தானா?

1969 இல் குவாத்தமாலாவில் வயிற்றுளைவு பரவியது. முதலில் அமீபா என்று பிழையாக நினைத்தார்கள். உண்மையில் அது ஷிகெல்லா. ஜப்பானியர் கண்ட அதே நான்கு வகை மருந்துகளுக்கும் அடங்காதது. அந்த நாட்டில் மட்டும் 12,000 க்கு மேற்பட்டோர் இறந்தார்கள்.

1990 இல் ஓர் அமெரிக்கச் சஞ்சிகையில் ஓர் ஆய்வு வந்தது. பொஸ்ரன், வெனிசுவேலாவின் கராகஸ், சீனாவின் சின் பூ ஆகிய மூன்று இடங்களில் சுகமாக இருந்த பிள்ளைகளின் மலத்தை ஒப்பிட்டார்கள். கராகஸ், சின் பூ பிள்ளைகளிடம் மருந்துக்கு அடங்காத ஈ. கோலை பொஸ்ரன் பிள்ளைகளைவிட மிக அதிகம். அமெரிக்கா அன்ரிபயோட்டிக்கை அள்ளிக் கொடுத்த நாடு என்பதை இங்கே மறக்கவேண்டாம்.

பிறகு 2002 இல் இத்தாலிய ஆய்வாளர்களும் தென்னமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து பொலிவியாவிலும் பெருவிலும் நான்கு நகரங்களில் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையான 3,174 சுகமான பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். அம்பிசிலினுக்கு அடங்காத ஈ. கோலையைச் சுமந்த பிள்ளைகள் 95 வீதம். ரெற்றாசைக்ளினுக்கு 93 வீதம். அன்ரிபயோட்டிக் எதிர்ப்பு அங்கே விதிவிலக்கு அல்ல, வழமை.

சரி, நகரம் என்றால் பாமசி இருக்கும். அதே குழுவினர் பொலிவியாவின் சாக்கோ வரட்சிப் பிரதேசத்தில் ஹவியோ என்ற ஒதுக்குப்புறமான குவாரனிப் பழங்குடிக் கிராமத்துக்கும் போனார்கள். அங்கே அன்ரிபயோட்டிக் பாவனை மிகக் குறைவு. 2004 இல் முடிவை வெளியிட்டார்கள்: கிராமத்தவரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினரிடம் மருந்துக்கு அடங்காத ஈ. கோலை!

இந்த இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். குளிசை போடாத பிள்ளையின் வயிற்றுக்குள் இது எப்படிப் போகிறது? யாரோ எங்கோ போட்ட குளிசை ஒரு பக்டீரியாவைத் தேர்ந்தெடுக்கிறது. அது மலத்தோடு வெளியே வருகிறது. மலசலகூடத்திலிருந்து நிலத்தடி நீருக்கும் ஆற்றுக்கும் போகிறது. அங்கிருந்து குடிதண்ணீர்க் குடத்துக்கு, கீரைக்கு, கைக்கு, வாய்க்கு. பட்டணத்துக்கு வேலைக்குப் போய்த் திரும்பும் தகப்பனும் கொண்டுவரலாம். பொஸ்ரன் பிள்ளையைக் காப்பாற்றுவது அவளுடைய தாயின் ஒழுக்கம் அல்ல. நிலத்துக்குக் கீழே ஓடும் கழிவுநீர்க் குழாய். பல நாடுகளின் தரவுகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2018 இல் வந்தது. ஒரு நாட்டில் மருந்தெதிர்ப்பு எவ்வளவு என்பதை மருந்துப் பாவனையின் அளவைவிட, சுகாதார வசதிகளும் நிர்வாகமும்தான் நன்றாக விளக்குகின்றன என்று அது சொன்னது.

இதன் விலையைக் கொடுப்பவை பிறந்த குழந்தைகள். பிரசவத்தின்போதே தாயின் குடல் பக்டீரியாக்கள் குழந்தைக்குப் போகின்றன. அது இயற்கை, நல்லதும்கூட. ஆனால் குழந்தையின் இரத்தத்தில் தொற்று வந்தால் முதலில் கொடுப்பது அம்பிசிலினும் ஜென்ரமைசினும். அவை கேட்காவிட்டால் விலை கூடிய மருந்து வேண்டும். வசதியில்லாத ஆஸ்பத்திரியில் அது இருக்காது.

மருந்துதான் வில்லன் என்று நினைத்துவிடாதீர்கள். நைஜர், மலாவி, தன்சானியா ஆகிய நாடுகளில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு, நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வருடத்துக்கு இரண்டு தரம் அசித்ரோமைசின் கொடுத்துப் பார்த்தார்கள். 2018 இல் முடிவு வந்தது. பிள்ளைகளின் மரணம் மொத்தத்தில் ஏறக்குறைய 14 வீதம் குறைந்தது. நைஜரில் இன்னும் அதிகமாக. பிறகு நைஜர் பிள்ளைகளின் குடலைப் பார்த்தால், அந்த மருந்துக்கான எதிர்ப்பு மரபணுக்கள் பல மடங்கு கூடியிருந்தன. இன்று உயிரோடிருக்கும் பிள்ளையா, நாளைக்குக் கேட்காமல் போகும் மருந்தா? நைஜரில் ஒரு தாயிடம் போய் இந்தக் கேள்வியைக் கேட்க எனக்குத் துணிவில்லை.

குற்றம் சாட்டுவது மட்டும் சுலபம். 2008 இல் சுவீடனில் ஒரு நோயாளியிடம் மிகப் பலமான மருந்துகளையும் உடைக்கும் ஒரு நொதி கண்டுபிடிக்கப்பட்டது. அவர் முன்னர் புதுடில்லியில் சிகிச்சை பெற்றவர் என்பதால் அதற்கு நகரத்தின் பெயரையே வைத்தார்கள்: என்.டி.எம்-1. அது எவ்வளவு பரவியிருக்கிறது என்று காட்டிய 2010 ஆம் ஆண்டுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னையைச் சேர்ந்தவர். இந்திய அரசு கோபப்பட்டது. அடுத்த வருடம் அந்தச் சஞ்சிகையின் ஆசிரியரே, அந்தப் பெயர் வைத்தது பிழை என்று மன்னிப்புக் கேட்டார். அதே 2011 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், டில்லியில் எடுத்த 50 குழாய்நீர் மாதிரிகளில் இரண்டில் அந்த மரபணு இருந்தது. தெருவில் தேங்கிய நீர் 171 மாதிரிகளில் 51 இல் இருந்தது. பெயரைப் பற்றிய சண்டையில் தண்ணீரைப் பற்றிய பேச்சு அமுங்கிப் போனது என்பது என் எண்ணம்.

இனி எங்கள் விடயம். நெதர்லாந்தில் 2,001 பயணிகளைப் பயணத்துக்கு முன்னும் பின்னும் பரிசோதித்து 2017 இல் வெளியிட்டார்கள். தெற்காசியாவுக்குப் போய் வந்தவர்களில் 75 வீதமானோர், போகும்போது இல்லாத ஒரு வகை மருந்தெதிர்ப்புப் பக்டீரியாவைக் குடலில் கொண்டு வந்தார்கள். அவர்களில் அனேகர் பாமசிப் பக்கமே போகாதவர்களாக இருந்திருப்பார்கள். சாப்பிட்டார்கள், குடித்தார்கள், அவ்வளவுதான். பாதிப் பேருக்கு ஒரு மாதத்துக்குள் அது போய்விட்டது. என் பரிசோதனை முடிவும் மூன்றாம் நாள் வந்தது: ஒன்றும் இல்லை. தனி அறையிலிருந்து சாதாரண வாட்டுக்கு மாற்றினார்கள்.

எனக்குப் போகலாம். நான் இங்கே குடிக்கும் தண்ணீரில் அது திரும்பி வராது. ஹவியோப் பிள்ளைக்கு நாளைக்கும் அதே தண்ணீர்.

இதை எழுதி முடித்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஹவியோ பகுதி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எங்கட வளவிலை கிணத்துக்கும் கக்கூசுக்கும் இடையிலை ஒரு தேசிமரம் மட்டும்தான் நிண்டது" என்றார்.