மடிக்கணினியின் உறக்கமும் அதன் கோளாறுகளும்

பழைய மடிக்கணினி மூடிய பின்னும் உறங்காமல் சூடேறுவது, உறங்கினால் எழ மறுப்பது, எழுந்த சற்று நேரத்தில் உறைந்து நிற்பது ஆகிய மூன்று கோளாறுகளும் பயன்படுத்துவோருக்கு ஒரே நோயின் மூன்று குறிகளாகத் தோன்றினாலும், அவற்றின் காரணங்கள் அந்தக் கருவி எந்த ஆண்டில் உருவானது என்பதைப் பொறுத்துப் பெரிதும் வேறுபடுகின்றன. கணினியை உறங்க வைத்து எழுப்பும் பொறுப்பு 1990-க்குப் பின் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பலமுறை கைமாறியது. ஒவ்வொரு மாற்றமும் தனக்கே உரிய பழுதுகளை விட்டுச் சென்றதால், பழுது பார்ப்பவர் முதலில் அறிய வேண்டியது கருவியின் வயதே ஆகும்.

1989-இல் ஆப்பிள் வெளியிட்ட ‘மெக்கின்டாஷ் போர்ட்டபிள்’ ஏறத்தாழ ஏழு கிலோ எடை கொண்டது என்பதால் அதை மடிக்கணினி என்பது சற்றுத் தாராளமான பேச்சுதான். எனினும் அதன் உறக்கம் எளிமையானதாக இருந்தது. மின்சாரம் இருக்கும்வரை தானாகவே தரவைத் தக்கவைக்கும் ‘ஸ்டாட்டிக் ரேம்’ என்ற விலை மிகுந்த நினைவகமும், கார் பேட்டரியைப் போன்ற ஈய அமில பேட்டரியும் அதில் இருந்தன. மற்றக் கணினிகள் பயன்படுத்திய மலிவான ‘டைனமிக் ரேம்’ இடைவிடாது புதுப்பிக்கப்பட்டால்தான் தரவைக் காக்கும். ஆகவே செயலியை நிறுத்திவிட்டு நினைவகத்துக்கு மட்டும் உயிர் கொடுக்கும் ஏற்பாடு தேவைப்பட்டது. 1990-இல் இன்டெல் வெளியிட்ட 386 எஸ்எல் செயலி இதற்கென ‘சிஸ்டம் மேனேஜ்மென்ட் மோடு’ என்ற தனி நிலையைக் கொண்டுவந்தது. இந்நிலையில் இயங்குதளத்துக்கே தெரியாமல் செயலி சிறிது நேரம் நின்று, மதர்போர்டில் பதிந்திருக்கும் பயாஸ் என்ற அடிப்படை நிரலின் கட்டளைகளை நிறைவேற்றிவிட்டு, எதுவும் நடவாதது போல மீண்டும் பழைய வேலைக்குத் திரும்பும்.

1992-இல் இன்டெல்லும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து வகுத்த ‘ஏபிஎம்’ என்ற விதிமுறை இந்த அடித்தளத்தின் மீதே அமைந்தது. இயங்குதளம் ஏறத்தாழ நொடிக்கு ஒரு முறை பயாஸை விசாரித்து, உறங்கச் சொன்னால் இசையும். உறக்கத்தின் நுட்பங்கள் அனைத்தும் பயாஸ் எழுதியவரின் கையில் இருந்தன. விசைப்பலகை தொடப்படவில்லை என்பதை மட்டுமே அளவுகோலாகக் கொண்ட பயாஸ், பின்னணியில் ஒரு கோப்பு இறங்கிக்கொண்டிருப்பதை அறியாமல் கணினியைத் தூங்கச் செய்தது உண்டு. நினைவகம் முழுவதையும் ஹார்டுடிஸ்கில் எழுதி வைத்துவிட்டு மின்சாரத்தை அடியோடு துண்டிக்கும் ‘ஹைபர்னேஷன்’ முறைக்குச் சில மடிக்கணினிகளில் தனிப் பகுதி ஒன்றை வட்டில் முன்கூட்டியே ஒதுக்க வேண்டியிருந்தது. பின்னாளில் ரேமைக் கூட்டியவர்கள் அந்தப் பகுதியையும் பெரிதாக்க மறந்தால் உறக்கம் நின்றுபோனது.

1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களும் வெளியிட்ட ‘ஏசிபிஐ’ இந்த அதிகாரத்தை இயங்குதளத்திடம் ஒப்படைத்தது. எஸ்1 முதல் எஸ்5 வரை உறக்கத்தின் படிகள் பெயரிடப்பட்டன. நினைவகம் மட்டும் உயிரோடிருக்கும் நிலை எஸ்3, வட்டில் எழுதி அணைக்கும் நிலை எஸ்4, முற்றும் அணைந்த நிலை எஸ்5. ஒவ்வொரு மதர்போர்டும் வேறு வேறானது என்பதால், எந்த உறுப்பை எப்படி அணைப்பது, எப்படி எழுப்புவது என்ற குறிப்புகளைத் தயாரிப்பாளர் ‘டிஎஸ்டிடி’ என்ற அட்டவணையில் சிறு நிரல்களாக எழுதித் தர, இயங்குதளம் அவற்றைப் படித்து நடக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஏற்பாடு சரியானதே, அட்டவணைகள்தான் சரியாக எழுதப்படவில்லை. அவற்றைத் தொகுக்க மைக்ரோசாஃப்ட் தந்த கருவி, இன்டெல்லின் கருவி பிழையென்று தள்ளிய பலவற்றைக் கண்டுகொள்ளாமல் விட்டது. தயாரிப்பாளர்களோ விண்டோஸில் இயங்கினால் போதும் என்று சோதனையை முடித்துக்கொண்டார்கள். இதன் விளைவை லினக்ஸ் பயன்படுத்தியவர்கள் 2000-களின் தொடக்கத்தில் முழுமையாக அனுபவித்தார்கள். தங்கள் கணினியின் அட்டவணையைப் பிரித்தெடுத்து, பிழை திருத்தி, மீண்டும் தொகுத்து ஏற்றுவது அவர்களிடையே வழக்கமாயிற்று. எந்த இயங்குதளம் என்று அட்டவணை கேட்கும்போது லினக்ஸ் தன்னை விண்டோஸ் என்றே சொல்லிக்கொள்வது அக்காலப் பட்டறிவின் பயன்.

எஸ்3 உறக்கத்திலிருந்து எழும் கணினி, புதிதாக இயக்கும்போது நடக்கும் முழுச் சோதனையின் வழியே செல்வதில்லை; எனவே கிராஃபிக்ஸ் சிப்பை யார் மீண்டும் தட்டியெழுப்புவது என்ற கேள்விக்கு நெடுநாள் விடையில்லை. வட்டு சுழலும், விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். இப்படி எழும் வழியில் நின்றுபோன கணினியில் காரணத்தைத் தேடுவது ஏன் கடினம் என்றால், தகவலைக் காட்டத் திரை இல்லை, எழுதி வைக்க வட்டு இன்னும் தயாராகவில்லை, மின்சாரத்தை நிறுத்தினால் நினைவகமும் அழிந்துவிடும். 2006-இல் லினக்ஸின் படைப்பாளி லினஸ் டோர்வால்ட்ஸ் அதில் சேர்த்த ‘பிஎம் டிரேஸ்’ என்ற கருவி இதற்குக் கண்ட வழி விசித்திரமானது. மறுதொடக்கத்திலும் அழியாத ஒரே இடம், சிறு பேட்டரியால் ஓடும் மதர்போர்டுக் கடிகாரம் என்பதால், எழும்போது ஒவ்வொரு படியிலும் எந்த நிரல் வரி, எந்த உறுப்பு என்பதன் சுருக்கக் குறியீடு அந்தக் கடிகாரத்தில் நேரமாகவே எழுதப்பட்டது. நொடிகளை நம்ப முடியாது. உறைந்ததற்கும் மறுபடி இயக்குவதற்கும் இடையில் அவை ஓடிவிடும். எல்லா மாதங்களிலும் இருக்கும் தேதிகள் 28 மட்டுமே. நிமிடங்களை மூன்றின் மடங்குகளாகக் கொண்டால் கிடைப்பவை 20. ஆக 100 ஆண்டுகள், 12 மாதங்கள், 28 தேதிகள், 24 மணிகள், 20 நிமிடக் கூறுகள் என்று பெருக்க, 1,61,28,000 எண்களுக்கு மட்டுமே இடம் இருந்தது. உறைந்த கணினியை அணைத்து, மூன்று நிமிடங்களுக்குள் மீண்டும் இயக்கிப் பதிவேட்டைப் பார்த்தால், கடிகாரத்தில் உள்ள எண், உறுப்புகளை இயக்கும் நிரல்களான டிரைவர்களில் எதோடு பொருந்துகிறது என்பது தெரியவரும். அந்த டிரைவரை உறக்கத்துக்கு முன் நீக்கிப் பார்ப்பது அடுத்த படி. கணினி தொடர்பில்லாத ஏதோ ஒரு தேதியைக் காட்டுவது இந்த வைத்தியத்தின் பக்க விளைவு. 2009 வாக்கில் கிராஃபிக்ஸ் சிப்பை இயக்கும் பொறுப்பை லினக்ஸின் கருநிரலே ஏற்கத் தொடங்கிய பின்னர்தான் கறுப்புத் திரைக் கோளாறு பெருமளவு தணிந்தது.

அதே ஆண்டுகளின் மடிக்கணினிகளில் நிரலால் தீராத நோய் ஒன்றும் இருந்தது. 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், மடிக்கணினிகளுக்கென விற்ற தன் சில சிப்புகளில் உள்ள பொருட்குறைபாட்டை ஒப்புக்கொண்டு, அதன் செலவுக்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. சிப்பு சூடாகும்போது விரிந்து, ஆறும்போது சுருங்குவதால், சிலிக்கான் துண்டையும் அதன் அடித்தட்டையும் இணைக்கும் நுண்ணிய பற்றாசுப் புள்ளிகள் நாளடைவில் வெடித்தன. ஒரு நாளில் பலமுறை உறங்கி எழும் கணினி, இடைவிடாது ஓடும் கணினியைவிட அதிக முறை இந்தச் சூட்டு ஏற்ற இறக்கத்துக்கு ஆளாகிறது. விசிறியை ஓயாமல் ஓடவிடும் பயாஸ் புதுப்பிப்புகளைச் சில தயாரிப்பாளர்கள் வெளியிட்டதன் காரணம் இதுவே. 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பாவில் நடைமுறைக்கு வந்த ஈயத் தடையே எல்லாவற்றுக்கும் மூலம் என்ற பேச்சு பழுது பார்ப்போரிடையே இன்றும் உண்டு. ஆனால் சிப்பின் உள்ளே இருக்கும் இப்புள்ளிகளுக்கு அந்தத் தடையிலிருந்து விலக்கு இருந்தது. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் ‘சிப் லெவல் சர்வீஸ்’ கடைகள் செய்யும் ‘ரீபாலிங்’, அதாவது சிப்பைப் பெயர்த்து அதன் அடியிலுள்ள பற்றாசுக் குண்டுகளை மாற்றிப் பதிக்கும் வேலை, இத்தகைய கணினிகளைச் சில வாரமோ சில மாதமோ உயிர்ப்பித்ததற்குக் காரணம், அந்தச் சூட்டில் உள்வெடிப்பு தற்காலிகமாக ஒட்டிக்கொண்டதே என்று கருத இடமுண்டு.

எளிய காரணங்களும் உள்ளன. முதிர்ந்த பேட்டரி எஸ்3 உறக்கத்தின் நடுவே தீர்ந்துவிட்டால், காலையில் கணினி புதிதாகத் தொடங்கும்; அது கிராஷ் என்று தவறாக எண்ணப்படும். வட்டில் பழுதான பகுதி ஒன்றின் மேல் நினைவகப் படிமம் எழுதப்பட்டால் எஸ்4 எழாது. மூடி திறந்திருக்கிறதா என்பதை ஒரு காந்தமும் அதை உணரும் சிறு உணரியும் சொல்வதால், ஒரு மடிக்கணினியை மற்றொன்றின் மேல் வைத்து வேலை செய்தால்கூட மேலிருப்பது திடீரென்று உறங்கலாம். ரேம் பழுதும் இக்கோளாறுகளுக்குக் காரணமாகலாம்; அதை அறிய 1994-இல் கிறிஸ் பிரேடி எழுதிய ‘மெம்டெஸ்ட்86’ இன்றும் ஓர் இரவு முழுக்க ஓடவிடப்படுகிறது.

2012-இல் விண்டோஸ் 8 உடன் வந்து, விண்டோஸ் 10-இல் ‘மாடர்ன் ஸ்டாண்ட்பை’ என்று பெயர் மாறிய முறை, கைப்பேசியைப் போல உறக்கத்திலும் இணைய இணைப்பைத் தக்கவைக்க முயன்றது. கணினி உண்மையில் உறங்குவதில்லை. எஸ்0 என்ற விழிப்பு நிலையிலேயே உறுப்புகளை ஒவ்வொன்றாக ஓய்வுக்கு அனுப்புகிறது. ஏதேனும் ஒரு டிரைவர் ஓய மறுத்தால் போதும், பைக்குள் வைத்த கணினி சூடேறி, பேட்டரி தீர்ந்த நிலையில் வெளியே வரும். 2018-இல் வந்த லெனோவாவின் ‘திங்க்பேட் எக்ஸ்1 கார்பன்’ ஆறாம் தலைமுறையில் எஸ்3 காணாமற்போனபோது, அதை வாங்கிய லினக்ஸ் பயனர்கள் பழையபடி டிஎஸ்டிடி அட்டவணையைப் பிரித்து, அந்தப் படியைத் தாங்களே திரும்ப எழுதிக்கொண்டார்கள். அதே ஆண்டில் நிறுவனமும் பயாஸ் அமைப்பில் ‘விண்டோஸ் 10’, ‘லினக்ஸ்’ என்று உறக்கத்துக்கு இரண்டு தெரிவுகளை வைத்தது. ‘லினக்ஸ்’ என்று பெயரிடப்பட்டது பழைய எஸ்3 உறக்கமே.