பெயரிட்ட கல்

கல்லிலே பெயரை வெட்டி வைத்துவிட்டால் சாவை ஏமாற்றிவிடலாம் என்று ஒரு நம்பிக்கை ராஜாக்களுக்கு உண்டு. எங்கள் திருச்சி மலைக்கோட்டையில் மேல்குகையைக் குடைவித்த மகேந்திரவர்ம பல்லவன், சென்னைக்கு அடுத்த பல்லாவரத்திலும் ஒரு குகை குடைவித்து, தன் விருதுப் பெயர்களையெல்லாம் அங்கே பொறித்து வைத்தான். ஆயிரம் வருஷங்கள் கழித்து அதே பல்லாவரத்துக் கருங்கல்லில் இன்னொரு பொருள் உருவாயிற்று. அது, பிறருக்குப் பெயர் சூட்டுவதற்கென்றே செய்த ஒரு தொட்டி.

சென்னை ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயத்து ஞானஸ்நானத் தொட்டியைத்தான் சொல்கிறேன். கவர்னர் ஸ்ட்ரேன்ஷாம் மாஸ்டர் முயற்சியில், கோட்டைவாசிகள் போட்ட சந்தாப் பணத்தில் எழுந்த கோயில் அது. 1680 அக்டோபர் 28-ஆம் தேதி பிரதிஷ்டை ஆயிற்று. ஆலயந்தோறும் கல்லால் ஆன ஞானஸ்நானத் தொட்டி இருக்க வேண்டும் என்று இங்கிலாந்துத் திருச்சபை 1604-லேயே விதி செய்திருந்தது. அங்கே கிராமத்துக் கோயில்களில் பல நூற்றாண்டுப் பழந்தொட்டிகள் இருக்கும். ஒரே தொட்டியில் பாட்டனும் பேரனும் பெயர் பெற்றிருப்பார்கள். கடல் கடந்து வந்தவர்களுக்கு அந்தப் பாக்கியம் ஏது? நம் ஊர்க் கல்லைத்தான் நாடினார்கள்.

1689-இல் அந்தத் தொட்டியருகே மூன்று பெண்கள் வந்து நின்றார்கள். மேரி, எலிசபெத், காதரின். பின்னால் கல்கத்தாவோடு சேர்த்துப் பேசப்பட்ட ஜாப் சார்னாக்கின் புதல்விகள். மேரி சில வருஷங்களுக்குள் சார்லஸ் அயர் என்ற கம்பெனி அதிகாரியை மணந்தாள் என்பதைக் கொண்டு பார்த்தால், அவளாவது அன்று கைக்குழந்தையாக இருந்திருக்க முடியாது. அதுவரை வீட்டில் அவளை எப்படிக் கூப்பிட்டார்களோ, இனி மேரி. பதிவேட்டில் ஏறிவிட்டது.

அவர்களுடைய தாய் ஓர் இந்தியப் பெண். உடன்கட்டை ஏற இருந்தவளைச் சார்னாக் மீட்டு வந்தார் என்று அலெக்ஸாண்டர் ஹாமில்டன் என்ற கப்பல் மாலுமி 1727-இல் வெளியான தம் புத்தகத்தில் எழுதினார். நடந்ததோ, துறைமுகத்து வம்போ, கதை பிரசித்தமாகிவிட்டது. ஆனால் கதாநாயகிக்குப் பெயர் இல்லை. மரியா என்றும் லீலா என்றும் பிற்காலத்தார் இட்ட பெயர்களுக்கு நம்பத்தக்க ஆதாரம் கிடையாது. கதை எழுதிப் பிழைக்கும் எனக்கு ஒரு நிமிஷத்தில் அவளுக்கு நல்ல பெயராக வைத்துவிட முடியும். மனம் வரவில்லை. பெற்ற பெண்கள் மூவருக்கும் பெயர் தந்த தண்ணீர் தாய்க்கு ஒரு வரி கூடத் தரவில்லை என்பதுதான் உண்மையான கதை. அதை என் பேனாவால் மூடக் கூடாது.

சார்னாக் 1693 ஜனவரியில் கல்கத்தாவில் இறந்தார். மருமகன் அயர் எழுப்பிய சமாதியில் அவருடைய கல்லறைக் கல்லும் சென்னைப் பக்கத்துக் கருங்கல்தான். பிறகு மேரியும் காதரினும் அங்கேயே அடக்கமானார்கள். இரண்டு நூற்றாண்டு கழிந்து, நிலவியல் ஆராய்ச்சியாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தக் கல்லின் தனித்தன்மையைக் கண்டார். பூமிக்கடியில் வெகு ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவாகும் இனம். வயது சுமார் 250 கோடி வருஷம். 1893-இல் அதற்குச் ‘சார்னாக்கைட்’ என்று அவர் பெயரிட்டார். இன்று உலகத்தில் எங்கே அந்தப் பாறை அகப்பட்டாலும் அதே பெயர்தான்.

பல்லாவரம் கல்லைக் கொடுத்தது. பெயர் கல்கத்தாவில் புதைந்த மனிதருக்குப் போயிற்று. உளிபிடித்த தச்சனுக்கு அதுவும் இல்லை. மகேந்திரவர்மனின் தச்சர்களுக்கும் அப்படித்தான். கோட்டைக்குப் போகிறவர்கள் கிளைவ் 1753-இல் கல்யாணம் செய்துகொண்ட இடம் என்று கோயிலைச் சுற்றிப் பார்க்கிறார்கள். அந்தக் கரிய தொட்டியின் முன்னும் சற்று நிற்கலாம். அங்கே நிற்கும்போது எனக்கு அந்தத் தாயின் நினைவுதான் வரும்.