கபிலக்கல்: கோவலூரில் இரண்டு நாட்கள்

கையில் இரண்டு நாள் விடுப்பு இருக்கிறது, பரபரப்பில்லாமல் ஓர் ஊரைப் பார்த்து வர வேண்டும் என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் திருக்கோயிலூர். விழுப்புரம் – காட்பாடி இருப்புப்பாதையில், தென்பெண்ணையின் தென்கரையில் அமைந்த ஊர். 2019இல் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இன்று இருக்கிறது. சங்கப் பாடல்களில் கோவல் அல்லது கோவலூர். பக்தி இலக்கியத்தில் திருக்கோவலூர். ஆற்றங்கரைக் கோயிலூர்கள் தமிழகத்தில் பல உண்டு. ஆயினும் சங்கப் புலவரும் ஆழ்வாரும் நாயன்மாரும் சோழர் கல்வெட்டும் ஒரே நடைதூரத்துக்குள் கூடும் ஊர்கள் மிகச் சிலவே.

முதல் நாள் காலையை உலகளந்த பெருமாள் கோயிலுக்கு ஒதுக்கலாம். நூற்றெட்டுத் திருப்பதிகளில் நடுநாட்டுக்கு உரியவை இரண்டே; ஒன்று திருவஹீந்திரபுரம், மற்றொன்று இது. பொய்கையார், பூதத்தார், பேயார் மூவரும் மழையிரவில் ஓர் இடைகழியில் சந்தித்ததாக வைணவ மரபு கூறுவது இவ்வூரில்தான். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்ற அந்தச் சிறிய இடத்தில் நான்காவதாக ஒருவர் நெருக்குவதை உணர்ந்த கணத்திலிருந்து மூன்று அந்தாதிகள் பிறந்தன என்பது கதை. கதையை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால், இடமின்மையிலிருந்து இறையனுபவம் பிறந்ததாகக் கற்பித்த மரபின் கவித்துவத்தை வியக்காமல் இருக்க முடியாது.

மாலையில் கீழையூருக்கு நடக்கலாம். அட்டவீரட்டங்களுள் ஒன்றான வீரட்டானேசுவரர் கோயில் ஆற்றை ஒட்டி இருக்கிறது. அந்தகாசுரனை இறைவன் அழித்த தலம் என்பது புராணம். சம்பந்தரும் அப்பரும் பாடியிருக்கிறார்கள். சிவவேடத்தில் வந்த பகைவன் தன்னைக் குத்திய பின்னும், அவனை ஊறின்றி ஊரெல்லை கடத்திவிடுமாறு ஆணையிட்ட மெய்ப்பொருள் நாயனார் ஆண்டதும் இந்தக் கோவலூரே.

கோயிலிலிருந்து சற்றே ஆற்றுக்குள் பார்வையைச் செலுத்தினால் மணலுக்கும் நீருக்கும் நடுவே ஒரு பெரும்பாறை தெரியும். அதன் உச்சியில் செங்கல்லும் சுதையும் கொண்டு கட்டிய சிறு கோயில் ஒன்று. கட்டடம் பிற்காலத்தது. பாறைக்குக் கபிலர் குன்று என்று பெயர். பறம்பின் வேள் பாரி மூவேந்தரால் வீழ்ந்த பிறகு, அவனுடைய உயிர்த்தோழர் கபிலர் உயிர் நீத்த இடம் இதுவே என்கிறார்கள். இந்தக் கட்டுரைக்குக் காரணம் அந்தப் பாறைதான்.

கபிலருக்கும் கோவலூருக்கும் உள்ள தொடர்பில் ஐயமில்லை. இப்பகுதியை ஆண்டவர்கள் மலையமான்கள். அவர்களுள் புகழ்பெற்ற திருமுடிக்காரியைக் கபிலர் பாடிய நான்கு பாடல்கள் புறநானூற்றில் 121 முதல் 124 வரை இடம்பெற்றுள்ளன. அவற்றுள் முதற்பாட்டு வெறும் புகழ்ச்சியன்று. கொடுப்பது எளிது, வருவோரின் தகுதி அறிவதே அரிது, புலவர் எல்லாரையும் ஒரே தரமாகப் பார்ப்பதை விட்டுவிடு என்று வள்ளலுக்கே அறிவுரை கூறும் பாட்டு அது. பின்னர் வந்த மாறோக்கத்து நப்பசலையார், கபிலர் பாடிய பிறகு மற்றவர் பாட இடமேது என்னும் பொருள்படக் காரியைப் பாடினார். ஆகவே பாரியை இழந்த கபிலர் கோவலூரை நாடினார் என்றால் அது இயல்பானதே.

ஆனால் அவர் எப்படி இறந்தார்? இங்கே நம்மிடம் இரண்டு சாட்சியங்கள் உள்ளன. இரண்டும் ஒத்துப்போகவில்லை.

முதல் சாட்சியம் ஓலை. புறநானூற்று 236ஆம் பாட்டின் அடியில் உள்ள குறிப்பு, பாரி இறந்த பின் அவன் மகளிரைப் 'பார்ப்பார்ப் படுத்து' வடக்கிருந்த கபிலர் பாடியது என்கிறது. வடக்கிருத்தல் என்பது வடதிசை நோக்கி அமர்ந்து உண்ணாநோன்பால் உயிர் விடுதல். இரண்டாம் சாட்சியம் கல். முதலாம் இராசராசன் (985–1014) காலத்தில் வீரட்டானேசுவரர் கோயிலில் பாட்டு வடிவில் பொறிக்கப்பட்ட நீண்ட கல்வெட்டு, கபிலர் பாரியின் பெண்ணை மலையர்க்கு மணமுடித்துக் கொடுத்து, பெண்ணையாற்றின் நடுவே தீப்புகுந்தார் என்கிறது. அந்தப் பாறையைக் கபிலக்கல் என்றே பெயரிட்டும் சுட்டுகிறது.

வகுப்பில் இதைச் சொன்னவுடன் மாணவர்கள் கேட்பது ஒரே கேள்வி: எது உண்மை? கல் பொய் சொல்லாது என்பது நம்மிடையே ஊறிப்போன நம்பிக்கை. ஆனால் கல்லும் ஒருவர் எழுதியதே. அதற்கும் ஒரு காலமும் நோக்கமும் உண்டு. ஓலைக்கும் அப்படியே. 236ஆம் பாட்டை அடிக்குறிப்பை மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். என்னை உடன்வர விடாமல் இங்கேயே இருக்கச் சொல்லிவிட்டுப் போனாயே, மறுபிறவியிலாவது பிரியாதிருக்க ஊழ் அருளட்டும் என்று கபிலர் கலங்குகிறார். அவ்வளவே. நோன்பும் இல்லை, நெருப்பும் இல்லை. வடக்கிருத்தல் என்ற செய்தி, பாடலைத் தொகுத்தவர்கள் காலத்தில் வழங்கிய குறிப்பிலிருந்து வருவது.

இனிக் கல்வெட்டைப் பாருங்கள். அதே கல்வெட்டு இன்னொரு தீப்புகுதலையும் பேசுகிறது. இராசராசனின் தாய் வானவன் மாதேவி மலையமான் குலத்து மகள். கணவன் சுந்தர சோழன் இறந்தபோது, பால் மறவாத மகவைப் பிரிந்து எரியின் நடுவிலும் கணவனைப் பிரியாதவளானாள் என்று கல்வெட்டு அவளைப் போற்றுகிறது. மன்னனைப் பெற்ற குலத்தின் பெருமையைப் பாட வந்த புலவர், அதே குலத்தோடு உறவுகொண்ட சங்கப் புலவரையும் நினைக்கிறார். பிரிவாற்றாமையின் உச்சம் தீப்புகுதல் என்று கருதிய ஒரு சூழலில், உண்ணாநோன்பு தீயாக மாறியிருக்கலாம் என்பது என் கருத்து. அரசியின் எரியும் புலவரின் எரியும் ஒரே கல்லில் அருகருகே நிற்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்படியென்றால் கல்வெட்டைத் தள்ளிவிடலாமா? கூடாது. அது கபிலரின் இறப்பு முறைக்கு வலுவற்ற சாட்சியாக இருக்கலாம். ஆனால் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இவ்வூர் மக்கள் ஆற்றுப்பாறை ஒன்றைப் புலவர் பெயரால் அழைத்தார்கள் என்பதற்கு அது மறுக்க முடியாத சாட்சி. சங்கப் பாடல்களின் நினைவு ஏட்டுச் சுவடிகளில் மட்டும் உறங்கவில்லை, ஊரின் நிலத்தோற்றத்திலும் வாழ்ந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரிந்து குறைவு.

கல்லும் பாட்டும் கைகோக்கும் இடத்தைக் காண விரும்பினால், இரண்டாம் நாள் மேற்கே பெண்ணையை ஒட்டியுள்ள ஜம்பைக்குச் செல்லுங்கள். அங்குள்ள குன்றில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1981இல் கண்டறிந்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி அளித்த பாழி என்று ஒற்றை வரியில் பேசுகிறது. அசோகரின் கல்வெட்டுகள் சோழ, பாண்டிய, கேரளபுத்திரரோடு சேர்த்துச் சொன்ன சத்தியபுத்திரர் யார் என்ற நெடுநாள் வழக்கை அந்த ஒரு வரி தீர்த்து வைத்தது. அதுமட்டுமன்று. அதியமான் கோவலூரை அழித்து வென்றதையும் அதைப் பரணர் பாடியதையும் ஔவையார் புறநானூறு 99இல் குறிப்பிடுகிறார். தகடூர்த் தலைவனின் பெயர் கோவலூர்ப் பக்கத்துக் குன்றில் ஏன் இருக்கிறது என்பதற்கு அந்தப் பாட்டே பொருத்தமான விளக்கம் தருகிறது. இங்கே ஒன்றையொன்று அறியாத இரு சாட்சிகள் ஒரே திசையைக் காட்டுகின்றன. கபிலக்கல்லில் அப்படி இல்லை. இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்த்து உணர்வது நூறு பக்க ஆராய்ச்சி முறையியலைப் படிப்பதற்குச் சமம்.

மேலே சாத்தனூர் அணை 1958இல் வந்த பிறகு ஆண்டின் பெரும்பகுதி பெண்ணை மணலாகவே கிடக்கிறது. அணை திறந்தால் நிலைமை வேறு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலையொட்டி வந்த வெள்ளம் கரையோரத்தார் எளிதில் மறக்கக்கூடியதன்று. எனவே மழைக்காலம் தவிர்த்து, தை, மாசியில் செல்வது நல்லது. மாலை வெயில் தணிந்த பின் வடகரைக்குச் சென்று, சம்பந்தர் பாடிய அறையணிநல்லூர்க் கோயிலின் பாறைமேட்டில் அமருங்கள். ஆறும் எதிர்க்கரை ஊரும் அங்கிருந்து நன்றாகத் தெரியும்.

புறநானூற்றை உடன் எடுத்துச் செல்லுங்கள். 236ஆம் பாட்டை ஒருமுறை குறிப்போடும் ஒருமுறை குறிப்பில்லாமலும் படியுங்கள். நோன்பா நெருப்பா என்பதை முடிவு செய்ய வேண்டிய அவசரம் அங்கே யாருக்கும் இல்லை. நண்பனுக்குப் பின் வாழ மனமில்லாத ஒருவரின் குரல் அந்தப் பாட்டில் இருக்கிறது. ஓலையும் கல்லும் அந்தக் குரலைக் கேட்டவர்கள் தத்தம் காலத்து மொழியில் எழுதிய உரைகள்.