குளிர்ந்த கடலில் தவறி விழுந்தால் என்ன ஆகும்? உயிரைக் காப்பாற்றும் '1-10-1' விதி!

1912 ஏப்ரல் 15-ம் தேதி டைட்டானிக் கப்பல் மூழ்கியதில் சுமார் 1,500 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் பலர் லைஃப் ஜாக்கெட் போட்டு மிதந்துகொண்டுதான் இருந்தார்கள். அப்புறம் எப்படி இறந்தார்கள்? அந்த இரவு வட அட்லாண்டிக் கடல்நீரின் வெப்பநிலை சுமார் மைனஸ் 2 டிகிரி செல்சியஸ்!

அப்படின்னா குளிர்ந்த கடலில் விழுந்த சில நிமிடங்களில் உடல் விறைத்து இறந்துவிடுவோமா? இல்லை. உடல் விறைப்பதற்கு முன்பே பலர் நீரில் மூழ்கி இறக்கிறார்கள் என்பதே உண்மை. இதைப் புரியவைப்பதுதான் கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் சொல்லும் '1-10-1' விதி.

முதல் 1 நிமிடம்: மூச்சு

நீர் 15 டிகிரிக்குக் கீழ் இருந்தால், விழுந்தவுடன் நம்மை அறியாமலே 'ஹக்' என்று மூச்சை இழுப்போம். அப்போது தலை நீருக்குள் இருந்தால் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். அதனால் உடனே நீந்தாதீர்கள். மல்லாந்து மிதந்து, மூச்சு சீராகும்வரை காத்திருங்கள். பதற்றம்தான் முதல் எதிரி.

அடுத்த 10 நிமிடம்: கை, கால்

விரல்களுக்கும் கை, கால்களுக்கும் பலம் இருக்கும் நேரம் இவ்வளவுதான். விசில் ஊதுவது, கவிழ்ந்த படகின் மேல் ஏறுவது எல்லாவற்றையும் இதற்குள் செய்ய வேண்டும். 'கரை தெரியுதே, நீந்திடலாம்' என்று கிளம்பினால், நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் பாதியிலேயே கை ஓய்ந்துவிடும்.

அடுத்த 1 மணி நேரம்: உடல் சூடு

காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை உறிஞ்சும். இருந்தாலும், உறைநிலையில் இருக்கும் நீரில்கூட நினைவிழக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். லைஃப் ஜாக்கெட் இருந்தால் முழங்கால்களை மார்போடு மடக்கிக்கொள்ளுங்கள். பலர் இருந்தால் நெருக்கமாகச் சேர்ந்திருங்கள். உடைகளைக் கழற்ற வேண்டாம்.

மீட்ட பிறகு என்ன செய்யணும்?

செங்குத்தாகத் தூக்கினால் ரத்த அழுத்தம் திடீரென இறங்கலாம். முடிந்தவரை படுக்கைவாட்டில் தூக்குங்கள். ஈர உடையை நீக்கி, போர்வையால் சுற்றுங்கள். கை, கால்களைத் தேய்க்கக் கூடாது. 'சூடு வரும்' என்று மது கொடுக்கவே கூடாது. மூச்சு இல்லையென்றால் உடனே சி.பி.ஆர். தொடங்குங்கள்.

'விழுந்தா போட்டுக்கலாம்' என்று லைஃப் ஜாக்கெட்டை ஓரமாக வைப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: விறைத்த விரல்களால் அதன் பக்கிளைக்கூட மாட்ட முடியாது. படகில் ஏறும்போதே போட்டால்தான் அது உயிர் காக்கும்!